ஸ்டெல்லா லீவில் இருந்தால்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கதவைத் தட்டினார். கீழே தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டிருக்கிறது, கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க பில்டிங் லைன்லதானே மேடம் இருந்தீங்க? சார் சொன்னாரே" என்றார்.

உள்ளே என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் "அவ பில்ட்ல இருக்கா" என்று சொல்லிவந்தவர் அவர்தான். அது என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செயலாளரோடு கீழே போய் விரிசலைப் பார்த்துவிட்டு, "நல்ல கொத்தனாரா பார்த்துக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

அதே வாரம் ஆபீஸ் பிள்ளைகள் போன் செய்தார்கள். நான் கையால் எழுதிய வேலைகளை எல்லாம் இப்போது கேட்டால் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். "ஆனா எது ஏன் இருக்குன்னு அதுக்கும் தெரியலக்கா, எங்களுக்கும் தெரியல. நீங்க எழுதி வெச்சுடுங்க" என்றார்கள். சரி, வீட்டுக்காரரும் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

நான் பார்த்த வேலைக்கு பில்ட் என்ஜினியர் என்று பெயர். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரி லேப்களுக்கு மென்பொருள் செய்தது. ரத்தக்குழாயில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடிப்பது ஒரு குழுவின் பொறுப்பு. பரிசோதனை இயந்திரத்திலிருந்து அளவுகளை வாங்குவது இன்னொரு குழு. ரிப்போர்ட்டைத் தாளில் கொண்டுவருவது வேறொரு குழு. இதற்கு மேல் ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் பெயர், முத்திரை, அவர்கள் கேட்ட மாற்றங்கள் என்று தனித்தனி உண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு புராஜெக்ட். எல்லாவற்றையும் சரியான வரிசையில் கோத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடிய ஒரே பொட்டலமாக ஆக்க ஒரு கருவி இருக்கிறது. பொதுவான வேலைகள் அந்தக் கருவிக்கே தெரியும். நமக்கென்று இருக்கும் தனி வேலைகளை நாம்தான் அதற்குச் சொல்லித் தரவேண்டும். அப்படிச் சொல்லித்தரும் ஒவ்வொரு வேலையையும் டாஸ்க் என்போம். டாஸ்க் எழுதுவதும், பிறர் எழுதிய டாஸ்க்கோடு மல்லுக்கட்டுவதுமாகத்தான் என் உத்தியோகம் போனது.

நான் பிறந்தது திருமழிசை. அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போனவர்கள். தொழிற்பேட்டை எஸ்டேட் வந்த பிறகு அப்பா ஒரு பட்டறையில் ஸ்பிரிங் சுற்றினார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கினேன், டேட்டா என்ட்ரி செய்தேன், கல்யாணமாகித் திருமுல்லைவாயிலுக்கு வந்தேன், இரண்டு பிள்ளைகள் பெற்றேன். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு கோர்ஸ் படித்து, நாற்பதை நெருங்கும் வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடலாமா மேடம் என்று கூப்பிடலாமா என்று தடுமாறி, கடைசியில் அக்கா என்பதில் வந்து நின்றார்கள்.

டெஸ்டராக இருந்தபோது எனக்கு ஒரு குடைச்சல். நேற்று நான் சோதித்ததும் இன்று சோதிப்பதும் ஒன்றே என்கிறார்கள், ஆனால் இரண்டும் வேறுமாதிரி நடக்கின்றன. யாரும் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். அப்படியானால் எப்படி மாறியது? இதைக் கேட்டுக் கேட்டு எல்லோரையும் படுத்தி எடுத்தேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா, இந்தக் கேள்வி கேக்குற ஆளத்தான் நானு தேடிகினு கீறேன். பேசாம நம்மாண்ட வந்துடுங்கோ."

அவர்தான் எத்திராஜ். பில்ட் குழுவின் தலைவர். என் மேலதிகாரி, ஆனால் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆவடியில் பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டு ஆட்களோடு போனில் பேசும்போது ஆங்கிலம் இஸ்திரி போட்ட சட்டைபோல் இருக்கும். போனை வைத்த அடுத்த நொடி, "மாமே, டீ சொல்லு" என்பார். இரண்டுமே அவருக்கு வேஷமில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நம் மேசைக்கு வந்து நின்றால் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சில வாரங்களில் புரிந்துவிட்டது. அடுத்தவர் கீபோர்டைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே போட்ட விலங்கு அது. நாம் தப்பாக அடித்துக்கொண்டிருப்பது தெரியும். அவர் செய்தால் அரை நிமிஷ வேலை. பாக்கெட்டுக்குள் விரல்கள் துடிப்பது வெளியே தெரியும். ஆனாலும் கையை எடுக்கமாட்டார்.

புதிதாக டாஸ்க் எழுதினால் அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். நான் படிப்பேன். முடித்ததும் இரண்டே கேள்வி.

"இது இன்னா வாங்குது? இன்னா கொடுக்குது?"

வாங்குவதையும் கொடுப்பதையும் டாஸ்க்கிலேயே வெளிப்படையாக எழுதவேண்டும் என்பது அவர் சட்டம். கருவிக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. போனமுறை வாங்கிய பொருள்களும் இந்தமுறை வாங்கும் பொருள்களும் ஒன்றேயானால், திரும்பவும் செய்யாமல் "மாற்றமில்லை" என்று சொல்லிவிட்டு, பழையதையே எடுத்துக் கொடுத்துவிடும். அத்தனை புராஜெக்டுகளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் நாம் எதை வாங்குகிறோம் என்று உண்மையைச் சொன்னால்தான் அதனால் சரியாக முடிவு செய்யமுடியும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஒரு புராஜெக்டின் பொருள் இன்னொரு புராஜெக்டுக்கு வேண்டுமானால் முறையாகக் கேட்டு வாங்கவேண்டும், நேரே உள்ளே போய் எடுக்கக்கூடாது. "பக்கத்து ஊட்டு அடுப்புல கீற சோத்த சொல்லாம எடுத்தா, அவங்க கொயம்பு மாத்துனது உனக்கு எப்டி தெரியும்?" என்பார்.

இதெல்லாம் கேட்டால் வகுப்பு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் குழுவில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. தினகரின் மெயில் விவகாரத்தைச் சொல்லாமல் இருக்கமுடியாது.

தினகர் ரிப்போர்ட் குழுவில் இருந்த பையன், கெட்டிக்காரன், அவசரக்காரன். புதிய பதிப்பு தயாரானதும் டெஸ்டர்களுக்கு ஒரு மெயில் தானாகப் போகட்டும் என்று ஒரு டாஸ்க் எழுதினான். நல்ல யோசனைதான். மறுநாள் காலை பத்து மணிக்குள் டெஸ்டர் பாத்திமா எங்கள் தளத்துக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே போனில் மெயிலாகக் கொட்டியிருக்கிறது. "புதிய பதிப்பு தயார். உடனே சோதிக்கவும்." ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசையாக.

"யாருப்பா அது தயார் பண்ணிகினே இருக்கறது? நானு எத்தத்தான் சோதிக்கறது?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள்.

தினகர் தான் எதையும் ஓட்டவே இல்லை என்றான். உண்மைதான். அவன் தன் புராஜெக்டைத் திறந்து பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தான். எத்திராஜ் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"இன்னான்னா டாஸ்க் கீதுன்னு சொம்மா கேட்டுப் பாரு, நைனா. எதையும் செய்யச் சொல்லாத."

தினகர் கேட்டான். திரையில் டாஸ்க்குகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அதே நொடியில் பாத்திமாவின் கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாத்திமாவும் சிரித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். கருவிக்கு இரண்டு நேரங்கள் உண்டு. முதலில் எல்லாப் புராஜெக்டுகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துத் தயாராகும். பிறகுதான் கேட்ட வேலையைச் செய்யும். மெயில் அனுப்பும் வரியைச் செய்யும் நேரத்துக்குள் வைக்காமல் படிக்கும் நேரத்துக்குள் வைத்துவிட்டான் தினகர். அதனால் கம்பெனியில் யார் எந்தப் புராஜெக்டைத் திறந்தாலும், கருவி அந்த வரியைப் படிக்கும், படிக்கும்போதே அனுப்பியும்விடும். ஒரு வரியைக் கீழே நகர்த்தியதும் சரியாகிவிட்டது. வெகுநாள் வரை பாத்திமா தினகரைப் பார்த்தால் வணக்கம் சொல்வதற்குப் பதில் "தயாரா?" என்றுதான் கேட்பாள்.

இனி அந்த ஆஸ்பத்திரி விஷயம்.

அப்போது நான் பில்ட் குழுவுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரிகளும் நிறையச் சேர்ந்திருந்தன. ஒரு புதிய பதிப்பு அனுப்பினோம். அதில் முக்கியமான மாற்றம், பிறந்த குழந்தைகளுக்கான அளவு அட்டவணை. லேப் ரிப்போர்ட்டில் உங்கள் அளவுக்குப் பக்கத்தில் இயல்பான அளவு என்று ஒன்று அச்சாகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழேயோ மேலேயோ போனால் தடித்த எழுத்தில் ஒரு குறி விழும். பெரியவர்களுக்கு இயல்பாக இருக்கும் ஹீமோகுளோபின், பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குக் குறைவு. அதுவரை எங்கள் மென்பொருளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வரிசைதான் இருந்தது. பச்சிளங்குழந்தைகளின் ரிப்போர்ட்டை லேப்காரர்களே தனியாகப் பார்த்துக் கையால் குறி போட்டார்கள். புதிய பதிப்பில் அவர்களுக்கெனத் தனி வரிசை சேர்த்திருந்தோம். இனி கையால் போடவேண்டாம், மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லியும் இருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் லேப் பொறுப்பாளர், ஸ்டெல்லா என்று பெயர். போனை எடுத்தது நான்.

"நீங்க மாத்திட்டோம்னு சொன்னீங்கல்லா, அது மாறல" என்றார். குரலில் கோபமில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "இப்ப ஒரு பச்சப்பிள்ளை ரிப்போர்ட்டு கையில வெச்சிருக்கேன். ரெண்டு நாளு பிள்ளை. அளவு குறைவு. உங்க மெஷினு ஒரு குறியும் போடல. பழைய அட்டவணைதான் அச்சாகுது."

"மேடம், அந்தக் குழந்தை…"

"டாக்டர்ட்ட சொல்லியாச்சு, நான் கையில எழுதிக் கொடுத்துட்டேன். பிள்ளைக்குப் பாக்காங்க. நான் எதுக்குக் கேக்கேன்னா, மத்த ஊருலயும் இப்படித்தான் போயிருக்கா?"

பார்த்துவிட்டு உடனே கூப்பிடுகிறேன் என்றேன். என் பெரியவள் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சளாகிப் போய், ஒரு விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். அந்த உருவம் அப்படியே முன்னால் வந்து நின்றது.

எத்திராஜிடம் சொன்னேன். அவர் பாத்திமாவைக் கூப்பிட்டார். பாத்திமா தன் கம்ப்யூட்டரில் அதே பதிப்பைத் திறந்து காட்டினாள். அவளிடம் புதிய வரிசை இருந்தது, குறியும் சரியாக விழுந்தது. அவள் சோதித்தது பொய்யில்லை. ஸ்டெல்லா சொன்னதும் பொய்யில்லை.

எங்கள் டைரக்டர் பார்த்திபன் சார் இறங்கி வந்தார். அவர் பதற்றத்தில் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. பதற்றம் கூடக்கூடக் குரல் தணியும்.

"மெஷின்ல இருக்கற பழசை எல்லாம் துடைச்சிட்டு முதல்லேர்ந்து பில்ட் பண்ணுங்க. சரியானதை அந்த ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்க. காரணம் அப்புறம் பார்க்கலாம்."

தப்பான யோசனை இல்லை. துடைத்துவிட்டுச் செய்திருந்தால் அந்தப் பொட்டலம் சரியாகத்தான் வந்திருக்கும். எத்திராஜ்தான் அசையவில்லை.

"அனுப்பலாம் சார். ஆனா தொடச்சிட்டா எதனால ஆச்சுன்ற தடயமும் அத்தோட போய்டும். அது தெரியாம வேற எந்தெந்த ஆஸ்பத்திரிக்குத் தப்பு போயிருக்குன்னு தெரியாது. முதல்ல பொட்டலம் செய்யுற மெஷின்ல கீறத அப்டியே ஒரு நகல் எடுத்துக்கலாம்." பிறகு, "அதுக்கும் முன்னாடி எல்லா லேபுக்கும் போன் போடணும்" என்றார்.

"என்னன்னு சொல்றது? நமக்கே என்னன்னு தெரியலையே. தெரிஞ்சுகிட்டு ஒரே தடவையா சொன்னா மரியாதையா இருக்கும்."

"சார், அங்க கொயந்தைங்க படுத்துகினு கீது."

பார்த்திபன் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பெரிய ஆஸ்பத்திரி எது? அதை நான் பேசறேன்" என்று போனைக் கையில் எடுத்தார்.

அன்று அந்தத் தளத்தைப் பார்த்திருக்கவேண்டும். டெஸ்டர்கள், ரிப்போர்ட் குழு, வரவேற்பில் இருந்த பெண் எல்லோரும் ஆளுக்கொரு லேபைப் பிரித்துக்கொண்டார்கள். பாத்திமா சொல்லவேண்டியதை ஒரு வெள்ளைப் பலகையில் இரண்டு வரியில் எழுதிவைத்தாள்: பிறந்த குழந்தைகளின் ரிப்போர்ட்டில் எங்கள் குறியை நம்பாதீர்கள்; புதிய பதிப்பு வந்த பிறகு போனவற்றை எடுத்துப் பாருங்கள். தினகர் ஒரு மூலையில் நின்று யாரிடமோ "ஆமா மேடம், தப்பு எங்களுதுதான், மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வழக்கமாக ஒரு மன்னிப்பு வாங்க அவனோடு அரை நாள் மல்லுக்கட்டவேண்டும்.

போன்கள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, நானும் எத்திராஜும் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் கீபோர்டில், அவர் பின்னால் நின்றபடி.

பொதுவான அளவு அட்டவணை ஒரு தனி புராஜெக்ட். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு புராஜெக்ட். அந்த ஆஸ்பத்திரி புராஜெக்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு டாஸ்க் இருந்தது. அது அந்த ஆஸ்பத்திரியின் சொந்த அமைப்புகளையும் பொது அட்டவணையையும் சேர்த்து ஒரே கோப்பாக்கும். நான் பொது அட்டவணையில் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டு, திருநெல்வேலிப் பொட்டலத்தைச் செய்யச் சொன்னேன். கருவி டாஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது. அந்த டாஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் வந்தது: மாற்றமில்லை.

"மாத்திட்டேனே" என்றேன், திரையைப் பார்த்து.

"இப்ப ஆஸ்பத்திரி அமைப்புல ஒரு எழுத்து மாத்துங்கோ" என்றார் எத்திராஜ்.

மாற்றி ஓட்டினேன். இந்த முறை டாஸ்க் ஓடியது. கோப்பைத் திறந்தால் புதிய அட்டவணை உள்ளே இருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. அந்த டாஸ்க், தான் வாங்குவது ஆஸ்பத்திரியின் அமைப்பை மட்டும்தான் என்று கருவியிடம் சொல்லியிருந்தது. பொது அட்டவணையைச் சொல்லாமல் நேரே உள்ளே போய் எடுத்தது. அமைப்பு மாறாதவரை, அட்டவணை எவ்வளவு மாறினாலும் கருவிக்குத் தெரியாது. பழைய கோப்பையே எடுத்துப் பொட்டலத்தில் வைக்கும். பாத்திமா சோதிப்பதற்காகத் தன் கம்ப்யூட்டரிலேயே பதிப்பைச் செய்துகொள்வாள்; அங்கே பழையது எதுவும் கிடையாது, ஆகவே எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டது. எங்களிடம் அதைக் கேள், இதை மாற்று என்று ஓயாமல் தொந்தரவு செய்த ஆஸ்பத்திரிகளுக்கும் சரியானதே போயிருந்தது. ஒன்றும் கேட்காமல், எதையும் மாற்றாமல், எங்களை நம்பி அமைதியாக இருந்த ஆஸ்பத்திரிகளுக்குத்தான் பழையது போயிருந்தது.

டாஸ்க்கை எழுதியது யார் என்று பார்க்க நான் பழைய பதிவுகளைத் திறக்கப் போனேன்.

"தொறக்க வேணாம் யக்கா. நாந்தான் எழுதுனேன்."

திரும்பிப் பார்த்தேன். கைகள் பாக்கெட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. எங்கே வைப்பது என்று தெரியாத கைகள்.

"ரெண்டே ஆஸ்பத்திரி இருந்தப்ப எழுதுனது. ரெண்டுக்கும் தெனம் எதுனா மாத்திகினே இருப்போம். அப்ப இது தெரியவே வாய்ப்பில்ல. இன்னா வாங்குது, இன்னா கொடுக்குதுன்னு ஊரயே கேட்டேன். இத்த மட்டும் கேக்கல."

"குந்துங்கோ எத்திராஜ்" என்றேன், அவர் பாஷையிலேயே. சிரிக்கவில்லை, உட்கார்ந்தார். நான் டீ எடுத்துவந்து வைத்தேன். அவரைவிட மூத்தவளாக அன்று ஒருநாள்தான் அந்த ஆபீஸில் நடந்துகொண்டேன்.

பார்த்திபன் சாரிடம் அவரே போய்ச் சொன்னார். சார் கேட்டுவிட்டு, "எந்தெந்த ஆஸ்பத்திரின்னு இப்ப சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அமைப்பு மாறாதவை எவை என்று பார்த்துச் சொல்ல முடிந்தது. அந்த ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டாவது முறை போன் செய்தோம். பெரும்பாலான லேப்களில் பழக்கதோஷத்தில் இன்னும் கையாலும் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்களை நம்பாதது எவ்வளவு நல்லது என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஓர் ஊரில் மட்டும், அன்று மதியம் வீட்டுக்குப் போகவேண்டிய ஒரு குழந்தையை நிறுத்திவைத்தார்கள். அதன் தாய் பையைக் கட்டி வைத்துவிட்டு ஆட்டோவுக்காகக் காத்திருந்தாளாம். குறைவு கண்டுபிடிக்கப்பட்டு, ரத்தம் ஏற்றி, அடுத்த வாரம் நல்லபடியாக வீட்டுக்குப் போனது. அந்தச் செய்தி வந்த அன்று பாத்திமா எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்தாள்.

ஸ்டெல்லாவுக்கு எத்திராஜ் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, "அத்த எழுதுனது நான்தான் மேடம்" என்று முடித்தார்.

"யார் எழுதுனதுன்னு எனக்கு எதுக்கு தம்பி? சரி பண்ணிட்டீங்கல்லா?"

"பண்ணிட்டோம் மேடம். இனிமே அட்டவணைய மொறையா கேட்டு வாங்கித்தான் சேக்கும்."

"நல்லது. ஆனா ஒண்ணு கேக்கேன். இந்த ஒரு தப்பு வராது. வேற வழியில வந்தா? அன்னைக்கு நான் ரிப்போர்ட்டப் படிச்சேன், தெரிஞ்சுது. அடுத்த தடவை நான் லீவுல இருந்தா யாரு பாப்பா?"

போனை வைத்த பிறகும் எத்திராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரீட்டுதானே யக்கா" என்றார்.

அந்த வாரம் நாங்கள் ஒரு புதிய டாஸ்க் எழுதினோம். பொட்டலம் முழுதாக முடிந்து, அனுப்பத் தயாரான பிறகு, அதைத் திரும்பப் பிரித்து உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் டாஸ்க். செய்த மற்ற டாஸ்க்குகள் எதன் பேச்சையும் அது நம்பாது. சில மாதிரிக் குழந்தைகளின் அளவுகளைக் கொடுத்து ரிப்போர்ட் அச்சடித்து, குறி விழவேண்டிய இடத்தில் விழுகிறதா என்று படிக்கும். விழவில்லையென்றால் பொட்டலம் வாசலைத் தாண்டாது. இதற்கு மட்டும் "மாற்றமில்லை" என்ற சலுகையும் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஓடியே ஆகவேண்டும். முதல் பத்தி எழுதியது நான். வாய்விட்டுப் படித்தேன். இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னேன். எல்லாப் புராஜெக்டுக்கும் பொதுவான இடத்தில் வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரி புராஜெக்டும் அதைத் தானாகப் பெற்றுக்கொள்ளும்படி செய்தோம்.

பெயர் வைக்கவேண்டும் என்றதும் எத்திராஜ் என்னைப் பார்த்தார். நான் ஸ்டெல்லா என்று அடித்தேன். டாஸ்க்குக்கு ஆள் பெயர் வைப்பது எங்கள் விதிகளுக்கே விரோதம். செய்கிற வேலையைப் பெயரே சொல்லவேண்டும் என்பார் அவர். அன்று குனிந்து திரையைப் படித்துவிட்டு, "செய்யுற வேலையத்தானே சொல்லுது" என்றார்.

அதன் பிறகு அந்தப் பெயர் ஆபீஸில் புழங்கிய விதமே தனி. புதிதாக வந்தவர்களுக்கு அது யார் என்று தெரியாது. "ஸ்டெல்லா ஓகே சொல்லிட்டாளா?" "இல்ல மச்சான், ஸ்டெல்லா கடுப்புல கீது." "சாயங்காலம் அனுப்பணும்டா, ஸ்டெல்லா விடமாட்டேன்றா." காண்டீனில் இதைக் கேட்கும் வேறு கம்பெனிக்காரர்கள் எங்களிடம் பயங்கரமான ஒரு மேனேஜர் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஸ்டெல்லா மேடமே போன் செய்தார். அவருக்கும் ஓய்வாகிவிட்டது. மகள் பூந்தமல்லியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறாள், வந்திருக்கிறேன், உங்களையெல்லாம் பார்க்கமுடியுமா என்றார். இத்தனை காலமும் குரலில் மட்டும்தான் பழக்கம். எத்திராஜ் அப்போது பெரிய பதவிக்குப் போய்விட்டார். ஆனாலும் வாசல்வரை அவரே இறங்கிப் போய் அழைத்து வந்தார். மெலிந்த உருவம், காட்டன் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. நான் கைகளைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்டீர்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம்.

தளத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தோம். டாஸ்க் விஷயத்தை நாங்கள் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வதென்று கூச்சமாக இருந்தது. ஜன்னலோரம் அபிநயா உட்கார்ந்திருந்தாள், சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிராத பெண். திரையில் சிவப்பாக ஒரு வரி. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புலம்பினாள்.

"அக்கா, இந்த ஸ்டெல்லா இருக்காளே, என் உயிரை எடுக்கறா. சின்ன மாத்தம்தான் பண்ணேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு. இவ மட்டும் முடியாதுன்னு நிக்கறா. ஒரு தடவை இவளைத் தூக்கிட்டு அனுப்பிடலாமா?"

எத்திராஜ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஸ்டெல்லா மேடம் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் அவர் பெயர். மெல்லக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அபி, இவங்கதான் ஸ்டெல்லா மேடம்" என்றேன்.

அபிநயாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு நாற்காலி பின்னால் உருண்டோட, எழுந்து நின்றாள். முகம் சிவந்துவிட்டது. "மேடம், நான்… அது…"

ஸ்டெல்லா மேடம் உருண்ட நாற்காலியைப் பிடித்து இழுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"உக்காரு பிள்ளை. அவ என்ன சொல்லுதான்னு முதல்ல படி."